கம்பெனி பஸ்ஸும் ஆரம்ப சுகாதார நிலையமும்: சில குறிப்புகள்

காலை ஏழு மணிக்கு முன்பே பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர், ஆலங்காயம் பக்கத்து ஊர்களில் பெண்கள் சாலையோரம் வந்து நின்றுவிடுகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளின் பஸ்கள் அவர்களை வாரிக்கொண்டு போகும். திரும்ப இறக்கிவிடும்போது விளக்கு வைத்திருப்பார்கள். ஓவர்டைம் என்றால் இன்னும் நேரமாகும். ப்ளஸ் டூ முடித்த கையோடு கட்டிங், பேஸ்டிங், ஸ்டிச்சிங் என்று ஏதாவது ஒரு பிரிவில் உட்கார்ந்துவிட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் இதில் நிறைய.

அந்த ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிச் சீட்டு மாலை நாலு மணியோடு முடிந்துவிடுகிறது. வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனையும் அதற்குள்தான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கும் லீவு, ஆலோசனைக்கும் லீவு.

பஸ் வந்து போகும் நேரம் அந்த நிலையத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆலோசனை நேரத்தைக் குறித்தபோது யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. சேவையின் தரம் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்சு வந்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: உங்கள் கதவு எப்போது திறந்திருக்கிறது?

*

திட்டத்துக்குக் குறைவில்லை. வளரிளம் பருவத்தினர் நலத்துக்கான மத்திய அரசுத் திட்டம், ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், 2014 ஜனவரியில் தொடங்கியது. 10 வயதிலிருந்து 19 வயது வரை, பள்ளிக்குப் போகிறவர், போகாதவர், மணமானவர், ஆகாதவர், ஆண், பெண் என்று எல்லோருக்கும். சத்துணவு, இனப்பெருக்க நலம், மனநலம், போதைப் பழக்கம், வன்முறையும் காயங்களும், தொற்றா நோய்கள் என ஆறு விஷயங்கள். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவத்தினருக்கான மருத்துவ சேவைக்கு எட்டுத் தர அளவுகோல்களை வெளியிட்டது. அவற்றில் எட்டாவது, சேவையைத் திட்டமிடும்போது இளையவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. பேஸ்டிங் மேசையில் உட்காரும் ஒரு பெண்ணிடம் "எப்ப வந்தா உனக்குத் தோதும்மா?" என்று கேட்டிருந்தாலே அந்த எட்டாவது பாதி நிறைவேறியிருக்கும்.

*

சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பிறந்த கதை வேலூர்க்காரர்களுக்கு மனப்பாடம். திண்டிவனத்தில் ஓர் இரவு, மூன்று வீடுகளில் பிரசவ வேதனை. மூன்று கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஐடா ஸ்கடரை அழைக்கிறார்கள். அவர் மருத்துவர் இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இளம்பெண். மருத்துவரான அப்பாவை அனுப்புகிறேன் என்கிறார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடியும்போது மூன்று பெண்களும் உயிரோடில்லை. 1900இல் ஐடா மருத்துவராகத் திரும்பி வந்தார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு எழுந்தது.

இதை இறையழைப்பின் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். முதலில் வந்தவருடைய மனைவிக்குப் பதினான்கு வயது என்பதையும் கதை சொல்பவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள், ஆனால் யாரும் அங்கே நிற்பதில்லை. வேலூர் மருத்துவத்தின் தொடக்கக் கதையே ஒரு வளரிளம் பெண்ணின் பிரசவ மரணம். மருத்துவர் அதே ஊரில் இருந்தார், மருந்தும் கருவியும் அவரிடம் இருந்தன. அந்த வீட்டுக்குள் நுழையக்கூடிய ஆள்தான் இல்லை.

அதன் பிறகு ஐடா செய்ததுதான் என்னை இன்னும் கவர்கிறது. வாராவாரம் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் போய், வழியில் மரத்தடிகளில் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். முதலில் மாட்டுவண்டி, பிறகு ஒரு பெஜோ கார். 'ரோட்சைடு' என்றே அதற்குப் பெயர். 1977இல் சி.எம்.சி. தொடங்கிய 'ரூசா' கிராமப்புற மையமும் அதே திக்கில் கே.வி.குப்பத்தில்தான் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் கார் போன தடத்தில் இப்போது கம்பெனி பஸ் போகிறது. சாலையோரம் நிற்கிற பெண்களும் இருக்கிறார்கள். அங்கே போய் நிற்கிற மருத்துவர் வண்டியைத்தான் காணோம்.

*

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு முரண். இங்கே ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கின்றன. மூன்று ஸ்டாஃப் நர்சுகளை முறை வைத்துப் போட்டு இதைச் சாதித்தார்கள், நாடே பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆக, இரவு எட்டு மணிக்கும் விளக்கு எரிகிறது, நர்ஸ் இருக்கிறார், அறை இருக்கிறது. வலி எடுத்துப் போனால் உள்ளே விடுவார்கள். "ரெண்டு மாசமா நாள் தள்ளிப் போவுது, பயமா கீது" என்று அதே நேரத்தில் ஒரு பதினேழு வயசுப் பெண் போய் நின்றால், நாளைக்குக் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள்.

பிள்ளை பெறுவதற்கு மட்டும் இரவு பகல் பாராத வாசல்.

*

தலைமை என்று எதைச் சொல்வது? சென்னையில் திட்டத்தைத் தொடங்கிவைத்துப் பேசுவதையா? இந்தக் குறிப்பேட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நேரத்தையும் அறையையும் ஆளையும் மாற்றுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் அதைப் பயன்படுத்துகிறாரா.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை இதில் கொடுத்துவைத்தது. மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து பிரிந்து, தனி இயக்குநரகமாக நூறு ஆண்டுப் பாரம்பரியம் உள்ளது. 1939லேயே மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட அளவில் ஒரு சுகாதார அதிகாரி, வட்டார மருத்துவ அலுவலர், அவருக்குக் கீழே சமுதாய சுகாதார செவிலியர், கடைசியில் ஊருக்குள் நடக்கிற கிராம சுகாதார செவிலியர். இந்தச் சங்கிலி ஒன்றின் மேல் மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேறுகால மரணம் சாட்சி. 1990களின் நடுவிலிருந்தே தாய்மார் மரணங்களைத் தணிக்கை செய்யும் வழக்கம் இங்கே உண்டு. ஒரு தாய் இறந்தால் எந்த மருத்துவமனையில் எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்று கலெக்டர் வரை போகும். 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார் மரணம்.

கேள்வி கேட்பார்கள் என்ற பயம்தான் இந்தச் சாதனையில் பாதி. வளரிளம் பருவத்துச் சேவையில் அந்தக் கேள்வியே இல்லை. பத்தாம் வகுப்போடு நின்று, பதினாறில் கல்யாணமாகி, பதினேழில் கர்ப்பமான பெண்ணுக்காக எந்த அதிகாரியும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று பதிவேட்டில் ஏறுகிறது. வராதவர்களுக்குப் பத்தி இல்லை.

*

2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்றன. பெண் வசிப்பது ஒரு மாவட்டம், வேலை செய்வது இன்னொரு மாவட்டம். ஊர்ச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் இருக்கும், பகலில் ஆள் அங்கே இருக்க மாட்டாள். எந்த மாவட்ட அதிகாரியின் கணக்கு அவள்? கேட்டால் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள்.

*

வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி.யின் சமுதாய நலத் துறை ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் ஊரில் உள்ள சுகாதாரப் பணியாளர் வழியாகப் பல்லாண்டுகளாகப் பதிந்துவருகிறது. இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் போய்ப் பேசிக் காரணத்தையும் குறிப்பார்கள். 1992 முதல் 2001 வரையிலான அந்தப் பதிவிலிருந்து 10 முதல் 19 வயதினரின் இறப்புகளை எடுத்து, 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. அந்த வயதுப் பெண்களில் தற்கொலை ஆண்டுக்கு லட்சத்துக்கு 148. ஆண்களில் 58. இறந்த இளம்பெண்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. குடும்பச் சண்டை, வீட்டு வன்முறை, பரீட்சைத் தோல்வி, காதல் ஏமாற்றம், மனநோய் என்று காரணங்கள்.

இது இனப்பெருக்க நலமா, மனநலமா என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. பதினாறு வயதில் காதல் என்பது வீட்டில் அடி. நாள் தள்ளிப்போனால் ஊர்ப் பேச்சு. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெரியவரிடம் பேச இடமிருந்தால் அந்த எண்களில் சில குறைந்திருக்கலாம் என்று நம்புகிறேன். நிரூபிக்க முடியாது.

ஒன்று நிச்சயம். ஊரில் நடமாடும் பெண் பணியாளர் இல்லாவிட்டால் அந்த எண்ணே வெளிவந்திருக்காது. போலீஸ் ரெக்கார்டில் "வயிற்று வலி தாங்காமல்" என்று எழுதி முடித்துவிடுவது நம் ஊரில் எவ்வளவு சகஜம்.

*

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் எப்போதும் ஒரு போஸ்டர். பாரம்பரிய வைத்தியர், இந்த மாதம் இந்தத் தேதி, இன்ன லாட்ஜ், அறை எண், காலை பத்து முதல் மாலை ஆறு. இளமையில் செய்த தவறுகளா, நரம்புத் தளர்ச்சியா, கவலை வேண்டாம், ரகசியம் காக்கப்படும்.

விடலைப் பையன்களின் இனப்பெருக்க நலத்துக்கு இந்த வட்டாரத்தில் இயங்கும் சேவை இதுதான். பயத்தைக் கிளப்பிவிட்டு லேகியம் விற்கிற வியாபாரம், சந்தேகமில்லை. ஆனால் தேதி, இடம், நேரம், தனியறை, ரகசியம் காப்பதாக ஒரு வாக்கு, ஐந்தும் ஒரு போஸ்டரில் அடங்கியிருக்கின்றன. அரசாங்கத்தின் ஆலோசனை மையத்தைப் பற்றி இவற்றில் மூன்றைச் சொல்லும் ஒரு தட்டியைக்கூட நான் பார்த்ததில்லை. டேனரியில் டிரம் உருட்டும் பையன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது அடிபட்டால், அல்லது நாய் கடித்தால்.

*

நன்றாக நடப்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2012இல் வந்த 'புதுயுகம்' திட்டம். கிராமப்புறத்து 10-19 வயதுப் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம் நாப்கின், ஒன்றில் ஆறு. அதன் தரத்தைக் குறை சொல்வார்கள், ஆனாலும் வாங்கிக்கொள்வார்கள். தூரத்துணியைக் காயப்போட மறைவிடம் தேடிய வீடுகளில் இந்தப் பொட்டலம் செய்தது சின்ன மாற்றமில்லை. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் பள்ளிக்கூடம் வழியாகப் போகிறது. அப்படியும் 15-19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு.

பொருளாகக் கொடுக்க முடிந்ததை நம் துறை சேர்த்துவிடுகிறது. உட்கார்ந்து பேச வேண்டியது வரும்போதுதான் தடுமாறுகிறது.

*

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 18க்கு முன் மணமானவர்கள் 12.8 சதவீதம், முந்தைய கணக்கைவிடக் குறைவு. 15-19 வயதில் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் 6.3 சதவீதம், முன்பு 5.0. இளவயதுக் கல்யாணம் குறைகிறது, இளவயதுக் கர்ப்பம் குறையவில்லை. ஏன் என்று யோசித்தால் இன்னோர் எண் கண்ணில் படுகிறது. மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர். நம் குடும்ப நலத் துறை முற்றுப்புள்ளி வைப்பதில் கெட்டி. முதல் குழந்தையைத் தள்ளிப்போட விரும்பும் பத்தொன்பது வயதுக்காரிக்கு அங்கே பேச்சுத் துணை இல்லை. அவசர கருத்தடை மாத்திரையைச் சட்டப்படி மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம். நம் மாநிலத்து மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்ற பதிலோடு ஒரு பார்வையும் கிடைக்கும்.

*

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை வாங்க 19 வயது முடிந்திருக்க வேண்டும். சிறுவயதுப் பிரசவத்தை ஊக்கப்படுத்தக் கூடாது என்பது நோக்கம். புரிகிறது. நடப்பது என்ன? பதினெட்டில் கர்ப்பமான பெண்ணுக்குத்தான் சத்துக்குறைவு அதிகம், ஆபத்து அதிகம். பணம் மட்டும் அவளுக்கு இல்லை. பதினேழு என்றால் பெயரைப் பதியவே பயம். பதிந்தால் வயசு தெரியும், தெரிந்தால் போலீஸ், புருஷன் உள்ளே. ஆகவே ஏழாம் மாசம் வரை வீட்டுக்குள்.

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அப்படியொரு குற்றம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. மருத்துவரும் செவிலியரும் அதில் அடக்கம். சிறுமிகளைக் காக்க அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வகுப்புத் தோழனைக் காதலித்த பெண்ணும், மாமனிடம் சிக்கிய பெண்ணும் ஒரே வாசலில் ஒரே பயத்தோடு நிற்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019லும் 2021லும் இதைச் சுட்டிக்காட்டியது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர், காதல் விவகார வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று சுற்றறிக்கை விட்டார். அதற்குச் சற்று முன், 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியம்: கருக்கலைப்புக்கு வரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயர் விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கம் ஒரு பக்கம் வரும். வட்டார மருத்துவ அலுவலர் அதை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு நர்ஸ் மேசைக் கண்ணாடிக்கும் கீழே வைக்கலாம். ஐம்பது ரூபாய் செலவாகுமா?

*

தோல் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால் ஆட்டுக்காரரிடம் போய் நிற்போம். ஜவ்வாது மலையின் ஊர்களில் சாமையும் ஆடும்தான் வாழ்க்கை. இன்று ஆம்பூருக்குப் பச்சைத்தோல் எங்கெங்கிருந்தோ வருகிறது, மலை ஆட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை. மலைப் பெண்பிள்ளைகளின் நிலை வேறு. அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த குழந்தையைச் சாலை இல்லாததால் நேரத்துக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. இறந்த குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்தே மலையேறினாள். பாம்புக்கடிக்கே இந்தப் பாதை என்றால், மாதவிடாய்ச் சந்தேகம் கேட்க யார் இறங்கி வருவாள்? உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும் வரை ஒரு வார்டனாவது உண்டு. பள்ளியை விட்டால் அதுவும் இல்லை. அப்பா அம்மா கூலிக்கு வெளியூர் போகும்போது பெண்ணைப் பாதுகாப்பாக வைக்கத் தெரிந்த ஒரே வழி கல்யாணம்.

எத்தியோப்பியாவின் அஃபார், கென்யாவின் துர்க்கானா போன்ற மேய்ச்சல் பகுதிகளிலும் இதே சிக்கல்தான். மருத்துவமனை ஓரிடத்தில் நிற்கிறது, குடும்பம் மழையைத் தேடி மந்தையோடு நகர்கிறது. எத்தியோப்பியா 2003இல் ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளராக்கத் தொடங்கியது. மேய்ச்சல் பகுதிக்கு அதே முறை அப்படியே ஒத்துவராது என்று கண்டு பிறகு மாற்றிக்கொண்டது. திட்டத்தை மக்களின் நடமாட்டத்துக்கு ஏற்ப வளைத்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்ணின் நடமாட்டம் மழையைப் பொறுத்ததல்ல, சைரனைப் பொறுத்தது. அதனால் கணிப்பதும் சுலபம்.

*

உருது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் பாதிப் பேச்சு அதில்தான். கடையில் தமிழ் பேசுகிற பெண், உடம்பைப் பற்றிச் சொல்ல உருதுவுக்கு மாறிவிடுவாள். உருது தெரிந்த ஆலோசகரை இந்த மூன்று ஊருக்காவது கேட்டுப் போட வேண்டும்.

*

கம்பெனிக்குள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறையும் நர்சும் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. பெரிய ஷூ கம்பெனிகளில் இருக்கிறது. ஆனால் மாதவிடாய் வலி என்று போனால் ஒரு மாத்திரை, திரும்ப மெஷினுக்கு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளைச் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் நூறு பெண்களிடம் பேசி, பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத வலி மாத்திரைகள் அங்கே தரப்படுவதை வெளியிட்டார்கள். அது துணி ஆலை, இது தோல். இருந்தாலும் இங்கேயும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

அந்த நர்ஸ் கம்பெனியின் சம்பளக்காரர். அவரிடம் சொன்னது சூப்பர்வைசர் காதுக்குப் போகாது என்று எந்தப் பெண் நம்புவாள்? கர்ப்பம் என்று தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் நியாயமோ இல்லையோ, இருக்கிறது. ஆகவே ஆலைக்குள் ஆலோசனை என்ற யோசனை காகிதத்தில் அழகு. ஆலை வாசலுக்கு வெளியே, அரசாங்க ஆள், என்றால் யோசிக்கலாம்.

*

இதையெல்லாம் ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னேன். மாலை ஏழு மணிக்கு, வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐயாயிரம் பேர், தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, நாப்கின் கணக்கு, போனில் நாலு செயலி. "ஏழு மணிக்கு நான் இருந்தா, எம் பொண்ணுக்கு யாருங்க சோறு போடறது? அவளுக்கும் பதினாலு வயசு."

அவர் சொன்னது சரி. செவிலியரின் முதுகில் இன்னொரு மூட்டை ஏற்றுவது தலைமை ஆகாது. அப்படியானால் இரவுப் பணியில் இருக்கும் ஸ்டாஃப் நர்சுக்கு வளரிளம் ஆலோசனையில் பயிற்சி, பிரசவ அறையிலிருந்து தள்ளி ஓர் அறை, அந்த நர்சுக்குப் பிரசவம் பார்க்க வேண்டி வந்தால் ஆலோசனையைப் பார்த்துக்கொள்ள வட்டாரத்துக்கு இரண்டு மாலைநேர ஆலோசகர்கள், அவர்களில் ஒருவராவது உருது பேசுபவர், திரும்பிப் போகப் போக்குவரத்துப் படி. புதுக் கட்டடம் வேண்டாம். மாவட்ட அதிகாரி மட்டத்தில் நேர மாற்ற உத்தரவு, இரண்டு பணியிடத்துக்குச் சென்னையில் ஒரு கோப்பு. பேரணாம்பட்டு, மாதனூர் வட்டாரங்களில் தொடங்கலாம். அங்கேதான் பஸ் அதிகம்.